சென்சார் அண்ணன் பார்க்காத படங்கள்

பாட்டில் தொழிற்சாலையில் அவருக்கு 'சென்சார்' என்று பெயர் வைத்தது யார் என்று இப்போது யாருக்கும் ஞாபகமில்லை. சின்னவர்கள் சென்சார் அண்ணன் என்பார்கள். மேலே இருக்கிறவர்கள் வெறும் சென்சார் என்பார்கள். குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு எந்தப் படத்துக்குப் போகலாம், எதற்குப் போகக்கூடாது என்று திங்கட்கிழமை காலையில் சென்சார் போர்டு மாதிரி அவர் வாயிலிருந்து தீர்ப்பு வராமல் பாட்டில் சோதிக்கும் பிரிவில் ஒருத்தரும் டிக்கெட் எடுக்கமாட்டார்கள். அவர் என்னவோ சினிமாவைக் கரைத்துக் குடித்தவர் என்று நினைத்துவிடாதீர்கள். வாரத்துக்கு ஒரு படம், அதுவும் சனிக்கிழமை மத்தியானக் காட்சி, அதுவும் குழந்தைகள் படம். அவ்வளவுதான் அவருடைய சினிமா. ஆனால் பேச உட்கார்ந்தால் படம் எடுத்தவனே எழுந்து நின்று கேட்பான்.

அவருக்கு வேலையே பார்ப்பதுதான். மூன்று பக்கமும் கறுப்புத் துணி தொங்கும் சின்னக் கூண்டு. எதிரே வெள்ளை வெளிச்சம் வீசும் பலகை. அந்த வெளிச்சத்துக்கு முன்னால் கண்ணாடி பாட்டில்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஊர்ந்து போகும். விரிசல், காற்றுக் குமிழி, வாய் விளிம்பில் சில்லு பெயர்ந்த இடம், எது இருந்தாலும் எடுத்து உடைசல் தொட்டியில் போட்டுவிட வேண்டும். புதிதாக வருகிறவர்கள் ஒவ்வொரு பாட்டிலையும் முறைத்து முறைத்துப் பார்த்துக் கண்ணைக் கெடுத்துக்கொள்வார்கள். பழகியவர்கள் பாட்டிலைப் பார்ப்பதில்லை, வெளிச்சத்தைப் பார்ப்பார்கள். விரிசல் தானாக மின்னிக் காட்டிக்கொடுத்துவிடும். கண்ணுக்கும் கைக்கும்தான் வேலை, வாய் சும்மாதானே இருக்கிறது? அதனால் கூண்டுக்குக் கூண்டு பேச்சு ஓடிக்கொண்டே இருக்கும், யாரும் யார் முகத்தையும் பார்க்காமல்.

"பொம்மைப் படத்துல பேசுற மிருகம் ரெண்டு இருந்தா போதும்யா," என்பார் சென்சார். "மூணாவது வந்து வாயத் தொறந்துச்சுன்னா புள்ளைங்களுக்கு யாரு யாருன்னே தெரியாது. அப்புறம் பாட்டு. மொதப் பாட்டுக்கு ஆடும், ரெண்டாவதுக்குக் கை தட்டும், மூணாவதுக்கு ஒண்ணுக்கு வருதுன்னு எழுந்துக்கும்."

"சாகசப் படம்?" என்று பக்கத்துக் கூண்டிலிருந்து மீசைக்காரர் கேட்பார். அவருடைய மீசைக்கும் சினிமாவுக்கும் சம்பந்தமில்லை, பெரிய மீசை, அவ்வளவுதான்.

"அதுல எப்பவும் ஒரு பாலம் இருக்கும், அது அறுந்தே தீரும். ஓடுறது, தொரத்துறது எல்லாம் அளவா இருக்கணும். ரொம்ப நேரம் ஓடவிட்டா புள்ளைங்க பாப்கார்ன்ல கைய விட்டுத் தேட ஆரம்பிச்சிடும். கையப் பாத்தாலே படம் தேறுமா தேறாதான்னு சொல்லிடலாம்."

யாருடைய கை, எந்தப் பிள்ளை எழுந்துகொண்டது என்று ஒருத்தரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அப்போதே குட்டு வெளிப்பட்டிருக்கும். சென்சார் அண்ணன் படமே பார்ப்பதில்லை. திரையில் என்ன ஓடுகிறது என்பது அவருக்கு அரைகுறையாகத்தான் தெரியும். பக்கத்து இருக்கையில் இருக்கும் மகளின் முகத்தைத்தான் ஆரம்பத்திலிருந்து முடிவு வரைக்கும் பார்த்துக்கொண்டிருப்பார். அவள் சிரித்தால் படம் நன்றாக இருக்கிறது. அவள் கண்ணை அகலத் திறந்தால் சண்டைக்காட்சி பிரமாதம். இதில் தப்பு ஏதும் இருப்பதாக அவருக்குத் தோன்றியதே இல்லை. வாரம் முழுக்கப் பார்க்காத முகத்தை ஒரு மத்தியானத்தில் பார்த்துத் தீர்க்க வேண்டியிருக்கிற மனுஷன் வேறு எதைப் பார்ப்பான்?

அவரும் மனைவியும் பிரிந்து மூன்று வருடம் ஆகிறது. அடிதடி ஒன்றுமில்லை. ஒரே வீட்டில் இரண்டு பேரும் பேச்சை மறந்துபோனார்கள், அவ்வளவுதான். மகள் அம்மாவோடு இருக்கிறாள். சனிக்கிழமை மத்தியானம் மட்டும் அப்பாவோடு. அவருடைய வாடகை அறையில் ஒரு கட்டில், ஒரு நாற்காலி, ஒரு ஜன்னல்; அங்கே கூட்டிக்கொண்டு போய் என்ன செய்வது? அதனால் முதல் வாரத்திலிருந்தே சினிமாதான். மூன்று வருடத்தில் வாராவாரம் பார்த்த பொம்மைப் படங்களை அடுக்கினால் அந்த அறை நிறைந்துவிடும்.

ஒரு விஷயம் மட்டும் மீசைக்காரர் கவனித்திருந்தார். "ஏம்ப்பா சென்சார், முன்னெல்லாம் அது நொட்டை இது நொள்ளைன்னு சொல்லுவ. இப்ப கொஞ்ச காலமா உன் வாயால ஒரு படத்தையும் குறை சொல்லக் கேக்கலையே?"

"இப்பல்லாம் நல்லா எடுக்குறாங்கய்யா," என்றார் சென்சார். "எல்லாப் படத்துக்கும் என் பொண்ணு விழுந்து விழுந்து சிரிக்குது." உண்மையாகவே அப்படித்தான் நம்பினார், பாவம்.

அந்தச் செவ்வாய்க்கிழமை முதல் அடி விழுந்தது. பேக்கிங் பிரிவில் இருக்கும் அக்கா, அவர் வாக்கை நம்பித் தன் இரண்டு பிள்ளைகளையும் ஒரு கரடிப் படத்துக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தார். சாப்பாட்டு நேரத்தில் நேராக வந்து எதிரே நின்றார்.

"அண்ணே, சோகமே இல்லாத படம்னு சொன்னீங்களே. அந்தக் குட்டிக் கரடி பனியில அம்மாவத் தேடித் தேடி அலையுது. அம்மா வரவே இல்ல. என் சின்னவன் ராத்திரி முழுக்க என் புடவையப் புடிச்சிக்கிட்டே தூங்குறான். என்ன பாத்தீங்க நீங்க?"

சென்சாருக்கு ஒன்றும் புரியவில்லை. கரடிப் படத்தில் கரடி இருந்தது ஞாபகம் வந்தது. பனியும் லேசாக ஞாபகம் வந்தது. அம்மா காணாமல் போனது மட்டும் தலைகீழாக நின்று யோசித்தாலும் வரவில்லை. அந்தப் படம் முழுக்க மகள் சிரித்த முகமாகத்தான் இருந்தாள். அது அவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது.

"உன் பையன் கொஞ்சம் பயந்தவனா இருப்பான்," என்று சமாளித்தார். அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

இரண்டாவது அடி மறுநாள் சாயங்காலம் போனில் வந்தது. மகளின் அம்மா ஒரு பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேஜையில் உட்கார்ந்திருப்பவர். பல் பிடுங்க வந்தவர்களைச் சமாதானப்படுத்திப் பழகிய குரல். அன்று அந்தக் குரல் கூடுதலாக மெதுவாக வந்தது.

"ஒரு விஷயம் சொல்லணும். கோவப்படாதீங்க."

"சொல்லு."

"இனிமே சனிக்கிழமை வரலைன்னு சொல்றா."

அவர் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். "யாரு சொன்னா? நீ சொல்றியா, அவ சொல்றாளா?"

"நான் ஏன் சொல்லப்போறேன்? சனிக்கிழமை ஒரு நாள்தான் எனக்கும் காலை நீட்டிப் படுக்க முடியுது. அவதான் சொல்றா. ஏன்னு கேட்டா வாயத் தொறக்க மாட்டேங்குறா. படம் வேணாம், அவ்வளவுதான் வருது."

"நான் ஏதாவது தப்புப் பண்ணிட்டேனா?"

"உங்களுக்குத் தெரியாதது எனக்கு எப்படித் தெரியும்? இந்தச் சனிக்கிழமை மட்டும் போயிட்டு வான்னு சொல்லியிருக்கேன். நீங்களே பேசிப் பாருங்க. அதுக்கப்புறமும் வேணாம்னு சொன்னா நான் கட்டாயப்படுத்த மாட்டேன். பதினோரு வயசு ஆகுது. இழுத்துட்டு வந்து விட முடியாது."

போனை வைத்தார். அவருக்கு இருந்ததே அந்த ஒரு மத்தியானம். மற்ற ஆறு நாளும் அதை நோக்கித்தான் ஓடிக்கொண்டிருந்தன. அதுவும் போனால் ஞாயிற்றுக்கிழமை எதற்கு, திங்கட்கிழமை எதற்கு? பயமாக இருந்தது. வேறு வார்த்தை போட்டு மழுப்ப ஒன்றுமில்லை, பயம்தான்.

மறுநாள் கூண்டில் உட்கார்ந்து யோசித்து யோசித்து ஒரு முடிவுக்கு வந்தார். பதினோரு வயதுப் பெண்ணைப் போய் இன்னமும் முயல் படத்துக்கும் வாத்துப் படத்துக்கும் கூட்டிக்கொண்டு போனால் எப்படி வருவாள்? பள்ளிக்கூடத்தில் தோழிகள் கேலி செய்யமாட்டார்களா? மூளையைக் கழற்றி வைத்துவிட்டோமே என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

"யோவ் மீசை, பெரிய பிள்ளைங்க பாக்குற மாதிரி சாகசப் படம் ஒண்ணு சொல்லு."

பக்கத்துக் கூண்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது. "சென்சாரே படம் கேக்குதா? ஊர் சிரிக்கும்யா."

"சொல்லுய்யா, உயிர வாங்காத."

"பாலைவனத்துக்கு அடியில ஒரு நகரம் பொதைஞ்சி கெடக்குதாம். அண்ணன் தம்பி ரெண்டு பேரு குட்டி விமானத்துல தேடிப் போறாங்க. பெரிய திரையில பாக்கணும். என் மருமகன் ரெண்டு தடவ பாத்துட்டான்."

அந்த நாள் சூப்பர்வைசர் அவர் கூண்டுக்கு இரண்டு முறை வந்தார். விரிசல் விழுந்த பாட்டில்கள் பேக்கிங் வரைக்கும் போய்விட்டிருந்தன. "கண்ணு எங்கய்யா இருக்கு உனக்கு? வீட்டுலயே வச்சிட்டு வந்துட்டியா?" என்று எல்லோர் முன்னாலும் கத்தினார். சென்சாருக்கு அது உறைக்கக்கூட இல்லை.

சனிக்கிழமை சீக்கிரமே போய்த் தியேட்டர் வாசலில் நின்றார். சட்டையைத் தேய்த்துப் போட்டிருந்தார். அம்மாவின் கார் வந்து நின்றது. மகள் இறங்கினாள். தலைமுடியைத் தோள்வரை வெட்டியிருந்தாள். போன வாரம் இருந்த பின்னல் இல்லை. அவரைப் பார்த்ததும் சிரித்தாள். நல்ல சிரிப்பு. இவ்வளவு நன்றாகச் சிரிக்கிற குழந்தை எப்படி வரமாட்டேன் என்று சொல்லும் என்று ஒரு நொடி அவருக்கு நம்பிக்கை வந்தது.

"இன்னிக்கி பொம்மைப் படம் இல்ல," என்றார் பெருமையாக. "பெரியவங்க படம். விமானம் எல்லாம் வருது."

"சூப்பர்ப்பா," என்றாள்.

"பொம்மைப் படம்னா உனக்குப் போரடிக்குதுல்ல? அப்பாவுக்குத் தெரியாமப் போச்சு."

"அப்படியெல்லாம் இல்லப்பா. அனிமேஷன் எனக்குப் பிடிக்கும்." சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

அந்த 'பிடிக்கும்' அவர் கணக்கைக் குழப்பியது. ஆனாலும் உள்ளே போய் உட்கார்ந்தார்கள். கூட்டம் அதிகமில்லை. பின்வரிசைகள் பெரும்பாலும் காலி. விளக்கு அணைந்தது. விமானம் மணல்மேட்டுக்கு மேலே இரைந்துகொண்டு போக, தரை அதிர்ந்தது. சென்சார் வழக்கம்போல உடம்பை லேசாக இடப்பக்கம் திருப்பிக்கொண்டு மகளின் முகத்தைப் பார்த்தார்.

எல்லாம் சரியாகவே நடந்தது. தம்பிக்காரன் நகைச்சுவையாக ஏதோ சொன்னான், அவள் சிரித்தாள். மணல்புயல் வந்தது, அவள் கையால் வாயை மூடிக்கொண்டாள். விமானம் தலைகீழாகப் புரண்டது, அவள் 'ஐயோ' என்றாள். வேறொரு சனிக்கிழமையாக இருந்தால் அவர் மனசு நிறைந்து போயிருக்கும். ஆனால் அன்று அவர் பயத்தில் இருந்தார். பயந்தவன் கண்ணுக்கு எல்லாம் தெரியும்.

அந்த 'ஐயோ' கொஞ்சம் தாமதமாக வந்தது. சுற்றியிருந்தவர்கள் எல்லோரும் சேர்ந்து மூச்சை இழுத்து முடித்தபிறகு, அவள் கண் ஒரு தரம் இவர் பக்கம் வந்து போனபிறகு, அதற்கப்புறம்தான் வந்தது.

தற்செயல் என்று நினைத்தார். அடுத்த சிரிப்புக்காகக் காத்திருந்தார். சிரிப்பு வந்தது. அதற்கு முன்னாலும் அந்தக் கண் ஓரமாக வந்து, அவர் பார்க்கிறாரா என்று பார்த்துவிட்டுப் போயிற்று. மூன்றாவது தடவையும் அப்படியே. இத்தனை வருடமாக விரிசல் பார்த்துச் சம்பளம் வாங்குகிற மனிதருக்கு, தன் பக்கத்து இருக்கையில் இருந்தது தெரியவில்லை.

ஒரு சோதனை செய்து பார்த்தார். தலையை நேராக்கித் திரையைப் பார்ப்பதுபோல உட்கார்ந்துகொண்டு, கண்ணை மட்டும் ஓரத்துக்குக் கொண்டுபோனார். வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டே பாட்டிலைப் பார்க்கிற பழக்கம்தான். கொஞ்ச நேரத்தில் மகளின் முகம் இறங்கியது. கன்னம் தளர்ந்தது, வாய் தளர்ந்தது. நாள் முழுக்கக் கடையில் நின்று வியாபாரம் பார்த்துவிட்டு ஷட்டரை இறக்குகிறவர்களின் முகம் அப்படித்தான் இருக்கும். அவள் விரல்கள் மெதுவாக வந்து தாடையைத் தேய்த்துவிட்டுக்கொண்டன.

அவர் சட்டென்று திரும்பினார். முகம் உடனே மலர்ந்தது. "செமையா இருக்குல்லப்பா?" என்றாள்.

இடைவேளை வரும்வரைக்கும் எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியாமல் முன்னிருக்கையின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இடைவேளையில் வெளியே வந்து ஒரு தூணோரமாக நின்றார்கள். அவள் கையில் ஐஸ்கிரீம். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. எப்படியாவது ஆரம்பித்தாக வேண்டும், இதைவிட்டால் வேறு சனிக்கிழமை கிடையாது.

"படம் பிடிச்சிருக்கா?"

"ம். நல்லாருக்கு."

"நெஜமா சொல்லு."

"நெஜமாத்தான்ப்பா." மறுபடியும் அந்தச் சிரிப்பு.

"சிரிக்காத," என்றார். குரல் அவர் நினைத்ததைவிடக் கடுமையாக வந்துவிட்டது. "அம்மா சொன்னா, நீ இனிமே வரலைன்னு. ஏன்னு அப்பாகிட்ட சொல்லு. என்ன சொன்னாலும் பரவால்ல. சிரிக்காம சொல்லு."

அவள் சிரிப்பு நின்றது. ஐஸ்கிரீம் உருகி விரலில் வழிந்தது, துடைக்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். போய்விடுவாளோ, அழைத்துப்போகச் சொல்லி அம்மாவுக்கு போன் செய்வாளோ என்று அவருக்கு அடித்துக்கொண்டது.

"நீங்க படமே பாக்கறது இல்ல," என்றாள் கடைசியில். "என்னையே பாக்குறீங்க."

"பாத்தா என்னம்மா?"

"என்னவா? நீங்க திரும்புறப்பல்லாம் நான் சிரிக்கணும். இல்லன்னா உடனே மூஞ்சி மாறிடுது உங்களுக்கு. தலவலிக்குதா, பசிக்குதா, வீட்டுக்குப் போலாமான்னு கேக்குறீங்க. எனக்கு என்ன நடக்குதுன்னே தெரியாது, ஆனா சிரிக்கணும். வீட்டுக்குப் போனா கன்னம் வலிக்குதுப்பா. நெஜமாவே வலிக்குது."

அவர் கர்ச்சீப்பை எடுத்து நீட்டினார்.

"மொதல்ல ஒரு படம் போனோமே, அந்த யானைப் படம். நான் அழுதேன்ல?"

ஞாபகம் இருந்தது. வீட்டைவிட்டு வந்த புதிது. யானைக்குட்டி ஏதோ பள்ளத்தில் விழ, எட்டு வயதுப் பிள்ளை தேம்பித் தேம்பி அழுதது. அவர் பதறிப்போய் அவளைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடிவந்துவிட்டார். குழந்தையை ஒரு மத்தியானம் பார்த்துக்கொள்ளத் துப்பில்லை என்று பெயர் வந்துவிடுமே, அடுத்த வாரம் அனுப்பமாட்டார்களே என்று பயம்.

"வாசல்ல நின்னு அம்மாவுக்கு போன் பண்ணி மன்னிப்புக் கேட்டீங்க. உங்க கை நடுங்குச்சு. நான் பாத்தேன்." அவள் குரல் உடைந்தது. "எனக்கு அந்தப் படம் பிடிச்சிருந்துச்சுப்பா. பிடிச்சதாலதான் அழுதேன். யானைக்குட்டி மேல வந்துச்சா இல்லையான்னு இன்னிக்கி வரைக்கும் எனக்குத் தெரியாது. அப்புறம் நான் அழவே இல்ல. கரடிப் படத்துலகூட அழல. அன்னிக்கி உள்ளங்கையக் கிள்ளிக்கிட்டே உக்காந்திருந்தேன். நீங்க என்னைப் பாத்துச் சிரிச்சீங்க."

சென்சார் தூணில் கையை ஊன்றிக்கொண்டார். எட்டு வயதிலிருந்து ஒரு குழந்தை அவரைச் சமாதானப்படுத்திக்கொண்டு வந்திருக்கிறது. சந்தோஷமாக வைத்துக்கொள்வதாக இவர் நினைத்துக்கொண்டிருந்த அத்தனை சனிக்கிழமைகளிலும் வேலை பார்த்தது அவள்தான். வெட்கத்தில் அவருக்குக் காது சுட்டது. மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயெடுத்தார். கேட்டால் 'பரவால்லப்பா' என்று அதற்கும் ஒரு சிரிப்பு சிரிக்க வேண்டியிருக்கும் அவளுக்கு. கேட்கவில்லை.

உள்ளே மணி அடித்தது.

"நான் போய் முன்னாடி உக்காந்துக்கறேன்," என்றார். "நீ பின்னாடி எங்க வேணா உக்காரு. நான் திரும்பிப் பாக்க மாட்டேன்."

அவள் நம்பாமல் பார்த்தாள். "கண்டிப்பா திரும்புவீங்க."

"மாட்டேன்."

"ஒரு தடவ கூட?"

"ஒரு தடவ கூட."

அவர் நடுவரிசையில் தனியாகப் போய் உட்கார்ந்தார். அவள் எங்கே உட்கார்ந்தாள் என்பது தெரியாது. மூன்று வருடத்தில் முதல்முறையாக அவருக்கு முன்னால் ஒரு படம் ஓடியது, பார்ப்பதற்கு வேறு எதுவும் இல்லாமல்.

முதலில் ஒன்றும் மண்டையில் ஏறவில்லை. காது முழுக்கப் பின்னால்தான் இருந்தது. யாரோ செருமினார்கள். அவளா? ஒரு இருக்கை கிறீச்சிட்டது. எழுந்து போய்விட்டாளா? கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டபோது கழுத்து தானாகத் திரும்பப் பார்த்தது. இருக்கையின் இரண்டு கைகளையும் இறுகப் பிடித்துக்கொண்டார். போயிருந்தாலும் போயிருக்கட்டும். சொன்ன சொல் சொன்னதுதான்.

மெல்ல மெல்லத் திரை அவரை இழுத்தது. அண்ணனும் தம்பியும் பூமிக்கு அடியில் அந்த நகரத்தைக் கண்டுபிடித்துவிட்டார்கள். அவருடைய வாக்கு வீண்போகாமல் ஒரு பாலமும் வந்தது, அது அறுந்தும் போயிற்று. ஒரே கயிற்றில் இரண்டு பேரும் தொங்கினார்கள். கயிறு இழை இழையாக விட்டுக்கொண்டிருந்தது. கீழே தொங்கிய தம்பி மேலே அண்ணனைப் பார்த்தான். ஒரு வார்த்தை பேசவில்லை. சிரித்தான். சிரித்துக்கொண்டே கையை விட்டுவிட்டான்.

சென்சாருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. எதற்கென்று தெரியாத கோபம். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது. அப்போது பின்னால், கொஞ்சம் தள்ளி, ஒரு விசும்பல் கேட்டது. வாயைப் பொத்திக்கொள்ளாத விசும்பல். தொடர்ந்து கேட்டது. அது அவள்தான். எந்தக் கூட்டத்தில் கேட்டாலும் அவருக்குத் தெரியும். உடம்பில் ஒவ்வொரு நரம்பும் எழுந்து ஓடு என்றது. தூக்கிக்கொண்டு வெளியே போ என்றது. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு திரையைப் பார்த்தபடி இருந்தார். அந்த அழுகை ஓயும்வரைக்கும் இருந்ததுதான் அவர் செய்ததிலேயே கஷ்டமான காரியம்.

விளக்கு எரிந்தபிறகும் திரும்பவில்லை. அவளே படியிறங்கி வந்து பக்கத்தில் நின்றாள். மூக்கு சிவந்திருந்தது.

"எப்படி இருந்துச்சு?" என்றாள். எப்போதும் அவர் கேட்கிற கேள்வி.

பதிலைப் பார்த்துச் சொல்ல இந்தத் தடவை அவள் முகத்தை அவர் பார்த்திருக்கவில்லை. யோசித்துத்தான் சொல்ல வேண்டியிருந்தது. "எனக்குப் பிடிக்கல," என்றார்.

"என்னது?"

"அந்தத் தம்பி மேல எனக்குக் கோவம். ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல? என்னால முடியலன்னு கத்தியிருந்தா அந்த அண்ணன் ஏதாவது பண்ணியிருப்பான். இவனா முடிவு பண்ணி, சிரிச்சிக்கிட்டே விட்டுட்டான். அண்ணன் என்ன நெனச்சிருப்பான்? தம்பி நல்லா இருக்கான்னுதான நெனச்சிருப்பான்?"

"சொன்னா அண்ணன் பயந்துடுவான்ப்பா! பயத்துல அவனும் விழுந்துடுவான். அதான் சொல்லல."

"பயந்தா பயந்துட்டுப் போறான். பெரியவன்தான? அவன் பயத்த அவன் பாத்துக்கணும்."

"உங்களுக்குப் படமே புரியல," என்றாள் சூடாக. "அதுதான் படத்துலயே நல்ல சீன்."

"எனக்குப் பிடிக்கல. அவ்வளவுதான்."

வாசல்வரைக்கும் சண்டை போட்டுக்கொண்டே வந்தார்கள். அவள் கையை ஆட்டி ஆட்டிப் பேசினாள். ஒரு தடவைகூடச் சிரிக்கவில்லை.

கார் நின்றிருந்தது. மகளின் அம்மா கண்ணாடியை இறக்கியதும் முதலில் பார்த்தது அந்தச் சிவந்த மூக்கைத்தான். பார்வை அப்படியே இவர் பக்கம் திரும்பியது. "என்ன ஆச்சு? அழுதாளா?"

"ஆமா," என்றார் சென்சார். "அழுதா." அதற்குமேல் விளக்கம் சொல்லவில்லை.

மகள் ஏறி உட்கார்ந்தாள். அம்மா மேற்கொண்டு எதுவும் கேட்பதற்கு முன்னால் ஜன்னல் பக்கம் திரும்பினாள். "அப்பா, அடுத்த வாரம் நான் வரல."

அவருக்கு உள்ளே ஏதோ கழன்று விழுந்தது. கேட்டுவிடக் கூடாது என்று புதன்கிழமையிலிருந்து பயந்துகொண்டிருந்த வார்த்தை. 'சரிம்மா, பரவால்ல' என்று சொல்லிக் கையசைத்து அனுப்பியிருக்கலாம். அப்படித்தான் அவருக்குப் பழக்கம்.

"எனக்கு வருத்தமா இருக்கு," என்றார்.

அவள் அவரையே பார்த்தாள். வேறெங்கும் பார்க்காமல், அவசரப்படாமல் பார்த்தாள். அவர் உதடு துடித்தது. அதை அவள் பார்த்தாள்.

"தெரியுது," என்றாள். "ஆனா அடுத்த வாரம் வரல. பிரெண்டு வீட்டுக்குப் போறேன். அதுக்கடுத்த வாரம் வரேன். அனிமேஷன் படம்தான். எதுன்னு நான் சொல்றேன்."

கார் கிளம்பியது. பின்கண்ணாடி வழியாக அவள் இன்னமும் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். சென்சார் அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை. முகம் எப்படி இருந்ததோ அப்படியே, அவள் பார்க்கட்டும் என்று நின்றார்.